கேள்வி-பதில்: ரைஃபிளுக்கு எந்த ஸ்கோப்? தூரத்தையும் கண்ணையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்

கேள்வி: நான் டெக்சஸ் மாநிலம் ஹூஸ்டனில் வசிக்கிறேன், கிரீன் கார்டு உள்ளவன். 16 அங்குலக் குழல் கொண்ட ஏஆர்-15 வகை அரைத் தானியங்கி ரைஃபிள் ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். பெரும்பாலும் ரேஞ்சில் 50, 100 கஜ தூரத்தில் சுடுகிறேன். எப்போதாவது 200 கஜம். ஆண்டுக்கு இரண்டொரு முறை நண்பரின் பண்ணையில் காட்டுப்பன்றி வேட்டைக்கும் அழைப்பு வருகிறது. கடைக்காரர் 5-25 மடங்கு ஸ்கோப்பை (ஐந்திலிருந்து இருபத்தைந்து மடங்கு வரை பெரிதாக்கிக் காட்டுவது) காட்டி, "ஒரே செலவாகப் போய்விடும்" என்கிறார். நண்பரோ, பெரிதாக்காமல் சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் ரெட் டாட் போதும் என்கிறார். ஆனால் அவருடைய ரெட் டாட்டில் நான் பார்த்தபோது, புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்த நட்சத்திரம் போல் இழுபட்டுத் தெரிந்தது. கருவி பழுதா? என்னிடம் 700 டாலர் இருக்கிறது. எதை வாங்கலாம்?

பதில்: கடைசியில் கேட்டதை முதலில் தீர்த்துவிடுவோம், ஏனென்றால் உங்கள் தேர்வு முழுவதும் அதைப் பொறுத்துத்தான் அமையப்போகிறது. அடுத்த முறை நண்பரைப் பார்க்கும்போது, ரைஃபிளில் குண்டு இல்லை என்பதை இருவருமாக உறுதி செய்துகொண்டு, அந்த ரெட் டாட்டின் பின்னால் உங்கள் கைப்பேசியை வைத்துப் புள்ளியைப் படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்து, உங்கள் கண்ணுக்கு மட்டும் அது இழுபட்டுத் தெரிந்தால், குறை கருவியில் இல்லை. உங்கள் கண்ணில் இருக்கிறது. ரெட் டாட்டுக்குள் புள்ளி என்று எதுவும் வரையப்பட்டிருப்பதில்லை. சிறிய எல்இடி விளக்கின் ஒளி, முன்கண்ணாடியின் பூச்சில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. விழியின் முன்பரப்பு சீரான வளைவோடு இல்லாதவர்களுக்கு அந்த ஒளி ஒரு புள்ளியில் குவியாமல் சிதறும். மூக்குக் கண்ணாடிக்கு எழுதித் தந்த சீட்டில் சிலிண்டர் என்ற கட்டத்தில் ஏதாவது எண் இருக்கிறதா என்று பாருங்கள். இரவில் கார் ஓட்டும்போது எதிரே வரும் முகப்பு விளக்கு கோடு கோடாக நீண்டு தெரிகிறதென்றால் அதுவும் இதே குறைதான்.

கண்ணாடி அணிந்து பார்த்தால் ஓரளவு சரியாகும். வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் இன்னும் கொஞ்சம் சரியாகும். புதிதாக வாங்கியவர்களில் பலர் புள்ளியை வேண்டியதைவிடப் பிரகாசமாக வைத்துவிட்டு, அது சிதறுகிறது என்று வருந்துகிறார்கள். இவ்வளவு செய்த பிறகும் வால் போகவில்லையென்றால், ரெட் டாட்டை விட்டுவிட்டு, குறிக்கோடு (குறிபார்க்கும் கோடு) கண்ணாடியிலேயே பொறிக்கப்பட்ட வகைக்கு வந்துவிடுவது நல்லது. பிரிசம் (பட்டகம் வைத்த, மடங்கு மாறாத குட்டை) ஸ்கோப்பும் 1-6 போன்ற குறைந்த மடங்கு ஸ்கோப்பும் அந்த வகை. அவற்றில் குறிக்கோட்டை நீங்கள் பார்ப்பது அச்சிட்ட எழுத்தைப் பார்ப்பது போன்றது. கண்பகுதியில் உள்ள வளையத்தைத் திருப்பி உங்கள் பார்வைக்கு ஏற்பத் தெளிவாக்கிக்கொள்ளலாம். மின்கலம் தீர்ந்தாலும் கறுப்புக் கோடு அப்படியே இருக்கும்.

ரெட் டாட்டை நான் குறைத்துச் சொல்லவில்லை. சுவீடனின் எய்ம்பாயின்ட் நிறுவனம் 1970-களில் சந்தைக்குக் கொண்டுவந்த இந்தக் கருவியை அமெரிக்கத் தரைப்படை எம்68 என்ற பெயரில் ஏற்றுக்கொண்டதற்குக் காரணம் எளிமையானது: இரு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு, தலை சற்றே விலகியிருந்தாலும், புள்ளி எங்கே நிற்கிறதோ அங்கே குண்டு போகும். அந்த நிறுவனத்தின் சிறிய ரெட் டாட்கள் ஒரே சிஆர்2032 மின்கலத்தில் 50,000 மணி நேரம், அதாவது ஐந்து ஆண்டுக்கும் மேலாக, எரியக்கூடியவை. கண் ஒத்துழைத்து, தூரமும் 100 கஜத்துக்குள் நிற்கும் என்றால், நண்பரின் பேச்சை நானும் வழிமொழிந்திருப்பேன். லேசர் ஒளியில் குறியைக் காட்டும் ஹோலோகிராஃபிக் வகையும் உண்டு. சிலிண்டர் குறை உள்ளவர்களில் சிலருக்கு அது சற்றுத் தேவலாம், ஆனால் மின்கலத்தை வேகமாகத் தின்னும். அந்த வகையில் பெயர் பெற்ற இயோடெக் கருவிகள் கடுங்குளிரிலும் வெப்பத்திலும் குறி விலகுகின்றன என்பதை மறைத்ததாக அமெரிக்க அரசு தொடுத்த வழக்கை, அப்போது அதன் உரிமையாளராக இருந்த எல்-3 நிறுவனம் 2015-இல் 2 கோடியே 56 லட்சம் டாலர் கொடுத்து முடித்துக்கொண்டது. அந்தக் காலத்துப் பழைய கருவியை இரண்டாம் கையாக வாங்க எண்ணுகிறவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி கடைக்காரரின் 5-25. இவ்வளவு பெரிய மடங்கு உங்களுக்கு எதற்கு என்று அவர் சொல்லியிருக்க மாட்டார். ஐந்து மடங்குக்குக் கீழே இறங்காத ஸ்கோப்பில் 100 கஜ தூரத்தில் தெரியும் பரப்பின் அகலமே இருபது அடிக்குச் சற்று மேல்தான். 30 கஜத்தில் அது ஏழடியாகச் சுருங்கும். புதரிலிருந்து கிளம்பி ஓடும் பன்றியை அந்த ஏழடிக்குள் தேடிப் பிடிப்பதற்குள் அது பக்கத்துப் பண்ணைக்குப் போய்விடும். மேலும், மடங்கு கூடக் கூட உங்கள் இதயத்துடிப்பும் சேர்ந்தே பெரிதாகத் தெரியும். 25 மடங்கில் குறிக்கோடு இலக்கின் மேல் ஆடுவதைப் பார்த்துப் பதறித்தான் பலர் விசையைச் சுண்டி இழுக்கிறார்கள். எடையோ ஒரு கிலோவை நெருங்கும். மேசையில் சாய்த்துவைத்து 600 கஜம் சுடுகிறவருக்கு அது ஏற்றது, உங்களுக்கு அல்ல.

உங்கள் கண், உங்கள் தூரம், உங்கள் பன்றி மூன்றையும் வைத்துப் பார்த்தால் நான் சொல்வது 1-6 மடங்கு ஸ்கோப். 500 டாலர் அளவில், முன்கண்ணாடி 24 மில்லிமீட்டர் கொண்ட, விளக்கு வசதியுள்ள நல்ல 1-6 கிடைக்கிறது. ஒரு மடங்கில் வைத்தால் ஏறத்தாழ ரெட் டாட் போலவே இரு கண்களையும் திறந்து பார்க்கலாம். 200 கஜத்துக்கு ஆறு மடங்கு தாராளம். இதே வகையில் 1-8, 1-10 என்றும் வருகின்றன. அதே விலையில் மடங்கு கூடினால் கண்ணாடியின் தரத்தில்தான் எங்கோ கை வைத்திருப்பார்கள் என்று கொள்ளுங்கள். கணக்கும் ஒன்று உண்டு: முன்கண்ணாடியின் விட்டத்தை மடங்கால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 24-ஐ 6-ஆல் வகுத்தால் 4 மில்லிமீட்டர். எட்டு மடங்கில் 3-தான். பன்றிகள் வெளியே வரும் அந்தி நேரத்தில் உங்கள் கண்மணி அதைவிட அகலமாகத் திறந்திருக்கும் என்பதால் காட்சி மங்கும். அப்போது நான்கு மடங்குக்கு இறக்கிவிடுங்கள்; 6 மில்லிமீட்டர் ஒளி வரும், கரிய முதுகும் நிழலும் பிரிந்து தெரியும்.

குறிக்கோடு முதல் குவியத்தளத்தில் இருக்க வேண்டுமா, இரண்டாவதிலா என்று கடையில் கேட்பார்கள். 1-6-க்கு இரண்டாவதே போதும். முதல் தளத்துக் குறிக்கோடு மடங்கோடு சேர்ந்து சுருங்குவதால், ஒரு மடங்கில் தலைமுடி போல் மெலிந்து காணாமல் போய்விடுகிறது. இரண்டாம் தளத்தில் அது ஒரே அளவில் நிற்கும். ஆனால் தூரத்துக்கான கீழ்க்குறிகள் பெரும்பாலும் உச்ச மடங்கில் மட்டுமே சரியாக இருக்கும் என்பதை மறவாதீர்கள். எடை தோளை வருத்துகிறது, வேட்டையும் அரிது என்றால், 1 மடங்கு அல்லது 3 மடங்கு பிரிசம் இன்னொரு நல்ல வழி. உங்கள் ஊரைச் சேர்ந்த பிரைமரி ஆர்ம்ஸ் இந்த விலைக்குள் பல பிரிசங்களை விற்கிறது.

மீதியில் 150 டாலரை மவுண்டுக்கு, அதாவது ஸ்கோப்பை ரைஃபிளில் பொருத்தும் தாங்கிக்கு, ஒதுக்குங்கள். இதை வலியுறுத்துவதற்குச் சொந்த அனுபவம் உண்டு. என் முதல் ஸ்கோப்பை நல்லதாக வாங்கிவிட்டு, மவுண்டை மட்டும் ஓர் இணையக் கடையில் 30 டாலருக்கு வாங்கினேன். மூன்றாவது முறை ரேஞ்சுக்குப் போனபோது 100 கஜத்தில் குண்டுகள் நான்கு அங்குலம் வலப்பக்கம் போய் விழுந்தன. மூச்சைக் குறை சொன்னேன், தோட்டாவை மாற்றினேன், குமிழைத் திருகித் திருகி ஒரு பெட்டி தோட்டாவைத் தீர்த்தேன். கடைசியில் ஸ்கோப்பைக் கையால் பிடித்து அசைத்தபோதுதான், அது 'டக்' என்று வளையத்துக்குள் நகர்ந்தது தெரிந்தது. இப்போது ஒரே துண்டாக, முன்னோக்கி நீட்டிய மவுண்டையே வாங்குகிறேன். திருகுகளை, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் திருப்புளி கொண்டு, தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மட்டும் இறுக்குகிறேன். இறுக்கியபின் ஒவ்வொரு திருகின் தலையிலிருந்தும் மவுண்டின் உடல் வரை மனைவியின் நகப்பூச்சால் ஒரு சிறு கோடு இழுத்துவிடுகிறேன். கோடு பிசகியிருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது என்று பொருள். நீங்கள் வாங்கியிருக்கும் ரைஃபிளில், தண்டவாளம் போன்ற மேல்பட்டையிலிருந்து ஸ்கோப்பின் நடுக்கோடு சுமார் ஒன்றரை அங்குல உயரத்தில் இருந்தால் கன்னம் இயல்பாகப் படியும்.

ஜீரோ செய்வதை, அதாவது குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைத் திருத்துவதை, 50 கஜத்தில் தொடங்கலாம். ஸ்கோப் குழலுக்கு இரண்டரை அங்குலத்துக்கு மேல் உயரத்தில் நிற்பதால், 50 கஜத்தில் சரிசெய்த ரைஃபிள் 25 கஜத்தில் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேல் தாழ்த்திச் சுடும். 100 கஜத்தில் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் ஏற்றிச் சுடும். 200 கஜத்தை ஒட்டி மீண்டும் கோட்டுக்கு வரும். தோட்டா வகைக்கு ஏற்ப இது மாறும் என்பதால், அந்தந்தத் தூரத்தில் தாளில் சுட்டுப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரீன் கார்டு என்று நீங்களே எழுதியது நல்லதாயிற்று. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் வாசகர்கள் ஸ்கோப்பைப் பற்றி யோசிப்பதற்கு முன், அந்த விசாவில் துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது என்பதை அறிய வேண்டும். செல்லத்தக்க வேட்டை உரிமம் கையில் இருப்பது போன்ற சில விலக்குகளே உண்டு. வழக்கறிஞரைக் கேட்காமல் இதில் இறங்காதீர்கள்.

கேள்வி: டிரிஜிகான் ஏகாக் 4x32 ஸ்கோப் இணையத்தில் 180 டாலருக்கு வருகிறது. புதியது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். புதிய ஏகாக் ஆயிரம் டாலருக்கு மேல் விற்கும் பொருள். 180 டாலருக்கு வருவது பொம்மைத் துப்பாக்கிக்கான போலி. பரவலாக விற்கும் டிஏ31 வகையில் மின்கலமே கிடையாது. பகலில் மேலே உள்ள ஒளியிழையும் இரவில் கதிரியக்க வாயுவான டிரிடியமும் குறிக்கோட்டை ஒளிரச் செய்கின்றன. உங்களுக்குக் காட்டும் டிஏ31-இல் மின்கல மூடியும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழும் இருந்தால் வேறு சோதனை தேவையில்லை. உண்மையான ஏகாக் இரண்டாம் கையாகக் கிடைத்தாலும் தயாரித்த ஆண்டைக் கேளுங்கள். டிரிடியத்தின் ஒளிக்கு மூலமான கதிரியக்கம் சுமார் 12 ஆண்டில் பாதியாகிவிடும். கண்ணை ஒன்றரை அங்குலத்துக்கு அருகில் கொண்டுபோனால்தான் முழுக் காட்சியும் தெரியும் என்பதால், ஒருமுறை கன்னம் வைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

கேள்வி: வீட்டில் .22 தோட்டா சுடும் ருகர் 10/22 ரைஃபிள் ஒன்றும் இருக்கிறது. ஏஆரிலிருந்து கழற்றிய பழைய 3-9 ஸ்கோப்பை அதில் மாட்டலாமா?

பதில்: மாட்டலாம்; .22 தோட்டாவின் உதைப்பு எந்த ஸ்கோப்பையும் கெடுக்காது. சிக்கல் வேறு. பெரிய ரைஃபிளுக்கான ஸ்கோப்களில் இடமாறு தோற்றப் பிழை 100 கஜத்துக்கு ஏற்பச் சரிசெய்யப்பட்டிருக்கும்; .22-க்கு என்று செய்தவற்றில் 50 கஜத்துக்கு. 25 கஜத்தில் அணில் உருவத் தகட்டைச் சுடும்போது தலையைச் சற்று நகர்த்தினால் குறிக்கோடும் தகட்டின் மேல் நகரும். தலையை ஒரே இடத்தில் வைக்கப் பழகிக்கொள்ளுங்கள். அல்லது மடங்கைக் குறையுங்கள்.

கேள்வி: டிசம்பரில் சென்னை போகிறேன். ரைஃபிள் கிளப்பில் இருக்கும் மைத்துனர் ஒரு ஸ்கோப் கேட்கிறார். பெட்டியில் வைத்துக் கொண்டுபோகலாமா?

பதில்: இங்கே கடையில் எந்தச் சீட்டும் கேட்காமல் கொடுத்துவிடுவதால், இது கேமரா லென்ஸ் போலத்தான் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். நாட்டைவிட்டு வெளியே போகும்போது கதை வேறு. துப்பாக்கிக்கான ஸ்கோப்கள் அமெரிக்க வணிகத் துறையின் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 0ஏ504 என்ற எண்ணின் கீழ் வருகின்றன. அன்பளிப்பாகப் பெட்டியில் எடுத்துப்போனாலும் அஞ்சலில் அனுப்பினாலும் அது ஏற்றுமதிதான். உரிமம் இன்றிச் செய்தால் பொருள் பறிபோவதோடு அது நிற்காது. மைத்துனருக்கு இந்தியாவிலேயே முறையாக இறக்குமதி செய்து விற்கும் கடையில் வாங்கிக்கொள்ளச் சொல்லி, பணத்தை அனுப்பிவிடுங்கள்.