இலவசமாகச் செய்யும் வெப்சைட், வேலை வாங்கித் தருமா?

கேள்வி: மகன் மதுரையில் பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். எங்கள் சபை மூலமாக, உசிலம்பட்டி பக்கம் இருக்கும் ஒரு சிறிய டிரஸ்டுக்கும், வடநாட்டில் ஊழியம் செய்யும் ஒரு மிஷனரி குடும்பத்துக்கும் வெப்சைட் செய்து தரச் சொல்லியிருக்கிறார்கள். பணம் கிடையாது. ராத்திரி வெகுநேரம் லேப்டாப்பும் கையுமாக உட்கார்ந்திருக்கிறான். படிப்பு கெட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதனால் வேலைக்கு ஏதாவது பிரயோஜனம் உண்டா?
(திருமங்கலத்திலிருந்து ஒரு தாய்)

பதில்: செய்யட்டும் அம்மா. ஆனால் ஒரு சமயத்தில் ஒரு தளம்தான். முதலில் டிரஸ்ட், அது முடிந்த பிறகு மிஷனரி குடும்பம். அதுவும் கம்பெனி வாடிக்கையாளருக்குச் செய்வதுபோல எழுத்தில் பேசிக்கொண்டு செய்ய வேண்டும். "நம்ம பிள்ளைதானே, எப்ப வேணா செஞ்சு தருவான்" என்று ஆரம்பிக்கும் வேலைதான் ராத்திரித் தூக்கத்தைத் தின்னும்.

பிரயோஜனம் எங்கே உண்டு, எங்கே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம். கல்லூரிக்கு வந்து கூட்டமாக ஆள் எடுக்கும் பெரிய ஐ.டி. நிறுவனங்களின் முதல் சுற்றில் இந்தத் தளத்தை யாரும் பார்க்கமாட்டார்கள். அங்கே மதிப்பெண் சதவீதம், நிலுவை அரியர் இல்லாமை, ஆப்டிட்யூட், கோடிங் தேர்வு ஆகியவைதான் பேசும். அரியர் நிலுவையில் இருந்தால் பத்து வெப்சைட் செய்திருந்தாலும் அந்தக் கதவு பெரும்பாலும் திறக்காது. மதுரை, கோவை, சென்னையில் இருக்கும் சிறு வெப் டிசைன் நிறுவனங்கள், டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சிகள், யு.ஐ. டிசைனர் (திரையின் தோற்றத்தை வடிவமைப்பவர்) வேலைகளில் நிலைமை வேறு. அவர்கள் முதலில் கேட்பதே "லைவ் லிங்க் இருக்கா?" என்பதுதான். வகுப்பு ப்ராஜெக்ட்டை நண்பனிடமிருந்து வாங்கி வைக்க முடியும். நிஜமான ஒரு டிரஸ்டுக்குச் செய்த தளத்தை அப்படிக் காட்ட முடியாது, இரண்டு கேள்வியில் தெரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. ரெடிமேட் தீம் ஒன்றை, அதாவது முன்பே செய்துவைத்த வடிவமைப்பை மாட்டி, படத்தை மாற்றிக் கொடுத்துவிட்டால் ஃப்ரன்ட் எண்ட் (தளத்தில் கண்ணுக்குத் தெரியும் பகுதியை எழுதும்) வேலைக்கு அது போதாது. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் என்ற வெப்சைட் எழுதும் மொழிகள் மூன்றையும் சொந்தக் கையால் எழுதிய தளம் ஒன்றாவது இருக்க வேண்டும். டிரஸ்ட் தளம் அதற்குச் சரியான அளவு.

நேரக் கணக்கு இது. முகப்பு, எங்களைப் பற்றி, பணிகள், உதவ, தொடர்பு என ஐந்து பக்கத் தளத்துக்கு ஏறத்தாழ 40 முதல் 50 மணி நேரம் ஆகும். அதில் கோடிங் 15 மணி நேரத்தைத் தாண்டாது. மீதியெல்லாம் போட்டோ வாங்குவது, விவரம் கேட்பது, தமிழைத் தட்டச்சு செய்வது, திருத்துவது. வாரம் 6 முதல் 8 மணி நேரம், சனி ஞாயிறில் மட்டும் என்று வைத்தால் ஆறேழு வாரத்தில் முடியும். செமஸ்டர் தேர்வுக்கு ஒரு மாதம் முன்பு எதையும் தொடங்கக் கூடாது. ராத்திரி உட்கார வேண்டியிருக்கிறது என்றால் வேலை பெரியது என்று அர்த்தமில்லை, எதிர்த்தரப்பிலிருந்து விவரம் துண்டு துண்டாக வாட்ஸ்அப்பில் வருகிறது என்று அர்த்தம்.

அதற்குத்தான் ஒரு பக்க ஒப்பந்தம். தமிழிலேயே எழுதலாம். எத்தனை பக்கம், எந்தெந்த மொழி, போட்டோவும் எழுத்தும் எந்தத் தேதிக்குள் யார் தருவார்கள், எத்தனை முறை திருத்தம் (இரண்டு போதும்), எந்தத் தேதியில் ஒப்படைப்பு, அதன்பின் எத்தனை மாதம் சின்னப் பிழைகளைச் சரிசெய்வான் (மூன்று மாதம் நியாயம்) என்று எழுதி, டிரஸ்ட் தரப்பில் ஒரே ஒருவர் கையெழுத்திட வேண்டும். அந்த ஒருவர் சொல்வதுதான் முடிவு. போதகர் ஒரு நிறம், செயலாளர் ஒரு நிறம், வெளியூரில் இருக்கும் அவர் மருமகன் ஒரு நிறம் கேட்டால் தளம் ஒருநாளும் முடியாது.

பணத்தில் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். உழைப்பு இலவசம், செலவு டிரஸ்டுடையது. டொமைன், அதாவது தளத்தின் பெயர், டிரஸ்டின் பெயரிலும் டிரஸ்டின் ஈமெயிலிலும், அலுவலக மேசையில் இருக்கும் போன் எண்ணிலும்தான் பதிவாக வேண்டும். சிறு அமைப்புகளின் தளங்கள் செத்துப்போக ஒரு காரணம், இப்படிச் செய்யாததுதான். பையன் தன் ஜிமெயிலில், தன் எண்ணில் பதிவு செய்வான். படிப்பு முடிந்து பெங்களூருக்குப் போவான், சிம் மாற்றுவான். புதுப்பிக்கச் சொல்லும் மெயில் பழைய பெட்டிக்குப் போகும், ஓ.டி.பி. பழைய எண்ணுக்குப் போகும். காலக்கெடு தாண்டிய பெயரை வேறு யாராவது வாங்கி அதில் சூதாட்ட விளம்பரம் ஓட்டுவார்கள். டிரஸ்டின் துண்டுப் பிரசுரத்தில் அதே முகவரி அச்சாகியிருக்கும். டொமைனை ஒரேயடியாகப் பத்து வருடம் வரை பதிவு செய்ய முடியும். ஐந்து வருடத்துக்குக் கட்டச் சொல்லுங்கள். முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து மயங்க வேண்டாம், புதுப்பிக்கும் விலையைக் கேட்டுவிட்டு வாங்க வேண்டும்.

தளத்தை எதில் கட்டுவது? வருடத்துக்கு மூன்று முறை மாறும் தளத்துக்கு வேர்ட்பிரஸ் (தளத்தில் அவ்வப்போது செய்தி எழுதி வெளியிட உதவும் மென்பொருள்) வேண்டவே வேண்டாம். வாராவாரம் செய்தி போட அலுவலகத்தில் ஆள் இருந்தால் மட்டும் அது சரி. ஆள் இல்லாத இடத்தில் ப்ளக்இன்கள் (அதில் கூடுதல் வசதிக்குச் சேர்க்கும் சிறு மென்பொருள்கள்) அப்டேட் ஆகாமல் கிடக்கும், ஓட்டை வழியாக யாரோ புகுந்து, கூகுளில் டிரஸ்டின் பெயரைத் தேடினால் ஜப்பானிய எழுத்தில் கடை விளம்பரம் வரும். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றைத் திருட்டுப் பதிப்பாக இறக்கிப் போடுவது அந்த ஓட்டையை நாமே வெட்டிக் கொடுப்பது. உங்கள் மகன் சாதாரண எச்.டி.எம்.எல். பக்கங்களாக எழுதி கிட்ஹப் பேஜஸிலோ கிளவுட்ஃப்ளேர் பேஜஸிலோ ஏற்றலாம். ஹோஸ்டிங், அதாவது தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் செலவு இல்லை, தளத்துக்கான இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்.எஸ்.எல். சான்றிதழும் இலவசம். கோடிங் தெரியாதவர்களே மாற்ற வேண்டும் என்றால் கூகுள் சைட்ஸ் போதும். அதில் அவனுக்குக் கோடிங் அனுபவம் குறைவு, டிரஸ்டுக்கு நிம்மதி அதிகம். டிரஸ்ட் எதை விரும்புகிறது என்று கேட்டுச் செய்யட்டும்.

இனி, இந்த வேலையின் அசல் பாடம். தமிழ் எழுத்து. டிரஸ்ட் தரும் அறிமுகம் பெரும்பாலும் டி.டி.பி. கடையில் பாமினி அல்லது வானவில் எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். அதை அப்படியே ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை வரும். யூனிகோடுக்கு (எல்லாப் போனிலும் கம்ப்யூட்டரிலும் தமிழ் சரியாகத் தெரியும் பொது எழுத்துமுறை) மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு. மாற்றிய பிறகு கண்ணால் வரிவரியாகப் படிக்க வேண்டும். உதாரணமாக "கௌரவத் தலைவர்" என்பதில் ஔகாரக் குறி இருக்க வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பும் தனி ளகரமும் உட்கார்ந்து "கெளரவ" என்று ஆகிவிடும். கண்ணுக்கு ஒரேமாதிரி தெரியும். தேடினால் அகப்படாது, பார்வையற்றோர் கேட்கும் ஸ்கிரீன் ரீடர் தப்பாக வாசிக்கும். இதைக் கண்டுபிடித்துத் திருத்தியவன் என்பது நேர்முகத்தில் சொல்லத்தக்க விஷயம்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் இரண்டும் இலவசம். சாதாரணம், தடிமன் என இரண்டு கனம் மட்டும் ஏற்றினால் போதும். ஆங்கிலத்துக்குப் போடும் வரி இடைவெளி தமிழுக்குப் பத்தாது. மேலே புள்ளியும் சுழியும், கீழே உகரக் காலும் மோதும். எழுத்தளவைப்போல 1.6 அல்லது 1.7 மடங்கு வைக்க வேண்டும், எழுத்தளவு 17 பிக்சலுக்குக் குறையக் கூடாது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. "தொடர்புகொள்வதற்கு" என்ற தலைப்பை 40 பிக்சலில் போட்டால் 360 பிக்சல் அகலமுள்ள போனில் வலப்பக்கம் வெட்டுப்படும், பக்கமே பக்கவாட்டில் ஆடும். உசிலம்பட்டிக்காரர் பார்க்கப்போவது போனில்தான். ஆகவே முதலில் 360 பிக்சல் அகலத்தில் வடிவமைத்து, பிறகு கம்ப்யூட்டர் திரைக்கு விரிக்கட்டும்.

போனில் எடுத்த போட்டோ ஒன்று 4 எம்.பி., 5 எம்.பி. இருக்கும். 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கி, வெப்பி (WebP) என்ற பட வடிவில் சேமித்தால் 150 கே.பி.க்குள் அடங்கும். முகப்பில் எட்டுப் படம் ஓடும் ஸ்லைடர் கேட்பார்கள். ஒரு நல்ல படம் போதும் என்று பணிவாகச் சொல்லப் பழகட்டும், இந்தத் திறமைக்கும் சம்பளம் உண்டு. தொடர்புப் பக்கத்தில் படிவம் வைத்தால் பாதி ஸ்பேம் வரும், மீதியை யாரும் திறக்கமாட்டார்கள். தொட்டால் அழைப்புப் போகும் போன் எண், வாட்ஸ்அப் இணைப்பு, கூகுள் மேப்பில் சரியான புள்ளி, ஆரப்பாளையத்தில் எந்தப் பேருந்தில் ஏறி எந்த நிறுத்தத்தில் இறங்குவது என்ற ஒரு வரி, இவ்வளவு இருந்தால் ஆட்கள் வந்து சேர்வார்கள்.

அடுத்தது சட்டம். இதில் நீங்களும் கவனமாக இருக்க வேண்டும் அம்மா, ஏனென்றால் பையன்களுக்கு இது தோன்றாது. டிரஸ்ட் குழந்தைகள் இல்லம் நடத்துகிறது என்றால், அந்தப் பிள்ளைகளின் முகமும் பெயரும் பள்ளியும் தளத்தில் வரக் கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளின் அடையாளம் வெளிப்படுவதை 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவில் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "அப்பா இல்லாத பிள்ளை, அம்மா விட்டுவிட்டுப் போனவள்" என்று போட்டோவுக்குக் கீழே கதை எழுதி உதவி கேட்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. அந்தப் பிள்ளை பெரியவளான பிறகும் அது கூகுளில் கிடக்கும். கட்டடம், தோட்டம், பாடப்புத்தகம் விரித்த கைகள், பின்னாலிருந்து எடுத்த வகுப்பறை, இவற்றைப் போடலாம். முதியோர் இல்லமானால் ஒவ்வொருவரிடமும் கையெழுத்துச் சம்மதம் வாங்க வேண்டும்.

நன்கொடைப் பக்கத்தில் டிரஸ்ட் பெயரிலுள்ள கணக்கும் க்யூ.ஆர். குறியீடும் மட்டும். "தற்காலிகமா உன் ஜிபே நம்பரைப் போடு தம்பி" என்று யார் சொன்னாலும் போடக் கூடாது. வெளிநாட்டு நன்கொடை வாங்க எஃப்.சி.ஆர்.ஏ., அதாவது வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படியான பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் முதலில் டெல்லியிலுள்ள ஸ்டேட் பேங்க் முதன்மைக் கிளையின் கணக்குக்குத்தான் வர வேண்டும். சிங்கப்பூரில் இருக்கும் சொந்தக்காரர் இந்தியக் குடிமகனாகவே இருந்து தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் ஆகும். பதிவில்லாத டிரஸ்டின் தளத்தில் டாலர் பட்டன் வைக்க மறுக்கும் உரிமை உங்கள் மகனுக்கு உண்டு. 80ஜி வரிவிலக்கு (நன்கொடை தருபவருக்கான வருமான வரிச் சலுகை) என்று எழுதும் முன் சான்றைக் கண்ணால் பார்த்து, அது எந்த ஆண்டுவரை செல்லும் என்று கவனிக்கட்டும்.

மிஷனரி குடும்பத்தின் தளத்தைத் தனியாக யோசிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வடக்கே மிஷனரிகள் போவது புதிதல்ல. திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் 1903லேயே தொடங்கியது. காகிதத்தில் வரும் ஜெபக் கடிதம் வீட்டுக்குள் படிக்கப்படுவது, இணையப் பக்கம் உலகம் முழுவதும் படிக்கப்படுவது. உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், குஜராத், ஒடிசா போன்ற மாநிலங்களில் மதமாற்றம் குறித்த சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. ஊர்ப் பெயர், வீட்டு முகவரி, அங்குள்ள மக்களின் பெயர், முகம், அடுத்த வாரப் பயணத் திட்டம் எதுவும் வேண்டாம். ஒரு வரி அந்தக் குடும்பத்துக்கும் அவர்களைச் சுற்றியுள்ள கிராமத்தாருக்கும் ஆபத்தாகலாம். போனில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடத்தின் ஜி.பி.எஸ். எண் ஒளிந்திருக்கும், ஏற்றும் முன் அதை நீக்கிவிட வேண்டும். அனுப்பிய அமைப்பின் தலைமை அலுவலகம் ஒவ்வொரு பக்கத்தையும் பார்த்து எழுத்தில் சம்மதித்த பிறகே வெளியிட வேண்டும். பெரும்பாலும் இவர்களுக்குத் தளமே தேவைப்படாது. ஆதரவாளர்களுக்கு மட்டும் போகும் மாத மின்மடலை அழகாக வடிவமைத்துக் கொடுத்தால் போதும், அந்த வேலையும் ரெஸ்யூமில் ஏறும்.

ஒப்படைக்கும் நாளில் அலுவலகத்தில் ஒருவரை உட்கார வைத்து, போன் எண்ணை மாற்றுவதையும் ஒரு படத்தை மாற்றுவதையும் அவர் கையாலேயே செய்ய வைக்கட்டும். கடவுச்சொற்கள், புதுப்பிக்கும் தேதிகள், எந்தக் கோப்பு எங்கே என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்து, தன் பிரதியிலிருந்து கடவுச்சொற்களை அழித்துவிட வேண்டும். எழுதிய கோடிங்கைக் கிட்ஹப்பில் வைக்கலாம், நன்கொடையாளர் விவரம் எதுவும் அதில் இருக்கக் கூடாது. தளம் வெளியான அன்றே எல்லாப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளட்டும், அடுத்த வருடம் வேறு யாராவது மாற்றிவிடலாம்.

டிரஸ்டிடம் லெட்டர்பேடில் ஒரு கடிதம் வாங்குங்கள். "நல்ல பையன், உதவி செய்தான்" என்றால் பயனில்லை. எந்த மாதத்திலிருந்து எந்த மாதம்வரை, எத்தனை பக்கம், தமிழும் ஆங்கிலமுமா, வடிவமைப்பு, கோடிங், ஒப்படைப்பு மூன்றும் அவனே செய்தானா, தளத்தின் முகவரி, கையெழுத்திட்டவரின் பதவி, இவை இருக்க வேண்டும். ரெஸ்யூமில் "தன்னார்வத் தொண்டு" என்ற கடைசிப் பகுதியில் போடாமல் "ப்ராஜெக்ட்ஸ்" பகுதியில் முதலாவதாகப் போடச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டு தொடங்கும் முன் இது கையில் இருந்தால், இன்டர்ன்ஷிப் கேட்டுப் போகும்போது கூடவே எடுத்துப் போகலாம்.