உலகத் தொடர்புகள் மைனர்: தாள்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

கேள்வி: பொருளாதாரம் என் மேஜர், அதாவது முதன்மைப் பாடம். அடுத்த செமஸ்டரிலிருந்து 'உலகத் தொடர்புகள்' என்ற பல்துறை மைனரை, அதாவது துணைப்பாடத்தை, எடுக்கலாம் என்றிருக்கிறேன். மொத்தம் ஆறு தாள்கள். பட்டியலில் வரலாறு, மானிடவியல், புவியியல், அரசியல், இலக்கியம் என்று முப்பதுக்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றிலும் கொஞ்சம் தொட்டுவிட்டு எதிலும் ஆழமில்லாமல் போய்விடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. எப்படித் தேர்ந்தெடுப்பது?

பதில்: உங்கள் தயக்கம் நியாயமானது. தலைப்பைப் பார்த்துப் பிடித்ததையெல்லாம் பொறுக்கினால் அப்படித்தான் முடியும். இடப்பெயர்வு பற்றி ஒரு தாள், காலநிலை பற்றி ஒன்று, உலக சினிமா பற்றி ஒன்று என்று சேரும், ஒன்றுக்கொன்று ஒட்டாது. தாள்களைத் தொடும் முன் எல்லை தாண்டி நகரும் ஏதாவது ஒன்றை முடிவு செய்யுங்கள்: சரக்கு, பணம், ஆட்கள், நோய், விதை, செய்தி. ஆறு தாள்களிலும் அதையே துரத்துங்கள்.

கடலடித் தந்திக் கம்பியை எடுத்துக்கொள்வோம். அட்லாண்டிக்கின் குறுக்கே 1858-ல் போட்ட முதல் கம்பி சில வாரங்களிலேயே செத்துப்போனது. 1866-ல் போட்டதுதான் நிலைத்தது. கடல்நீர் உள்ளே புகாமல் கம்பியைக் காத்தது கட்டாபெர்ச்சா என்ற மரப்பால். அது தென்கிழக்காசியக் காட்டு மரத்திலிருந்து வந்தது. பாலுக்காக மரத்தையே வெட்டிச் சாய்த்ததால் பல இடங்களில் அந்த மரம் அருகிவிட்டது. அதுவரை கப்பலில் ஒரு வாரத்துக்கு மேல் பயணம் செய்த லிவர்பூல் பருத்தி விலை, கம்பி வந்த பிறகு ஒரே நாளில் நியூயார்க்கை எட்டியது. 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியதும் பிரிட்டன் முதலில் செய்த காரியங்களில் ஒன்று, ஜெர்மனியின் கடலடிக் கம்பிகளை அறுத்தது.

இந்த ஒரு பொருளுக்குள் எத்தனை துறைகள் இருக்கின்றன என்று பாருங்கள். இரண்டு சந்தைகளின் விலை இடைவெளி ஏன் குறைந்தது என்பது உங்கள் மேஜரின் கேள்வி. காட்டுக்கு என்ன ஆனது என்பதைச் சூழலியல் வரலாறும், பால் எடுத்தவர்கள் யார், அவர்கள் கைக்கு என்ன வந்தது என்பதை மானிடவியலும், கம்பி யார் கட்டுப்பாட்டில் இருந்தது என்பதை அரசியலும் கேட்கும். கண்டங்களுக்கிடையே இணையத் தரவு இன்றும் பெரும்பாலும் கடலடிக் கம்பிகளில்தான் ஓடுகிறது என்பதால் கேள்வி பழசாகிவிடவில்லை.

இனி ஆறு தாள்களை இப்படிப் பிரிக்கலாம். அறிமுகத் தாள் ஒன்று, ஆய்வுமுறைத் தாள் ஒன்று, உங்கள் மேஜருக்கு வெளியே ஒரே துறையில் இரண்டு, ஒரு வட்டாரம் பற்றியது ஒன்று, இறுதி ஆய்வுத் தாள் ஒன்று. 'ஒரே துறையில் இரண்டு' என்பதை விட்டுவிடாதீர்கள். முதல் தாளில் அந்தத் துறையின் சொற்கள்தான் பழகும். அந்தத் துறைக்காரர் எதைச் சான்றாக ஏற்பார், எதைத் தள்ளுவார் என்பது இரண்டாவதில்தான் பிடிபடும். ஆழம் அங்கேதான் கிடைக்கிறது. புள்ளியியல் உங்களுக்கு ஏற்கெனவே கைவசம் இருக்கும் என்பதால், ஆய்வுமுறைக்கு ஆவணக் காப்பக ஆய்வோ களப்பணியோ எடுங்கள்.

எண்களை மட்டும் நம்பினால் எங்கே வழுக்கும் என்பதற்கு வணிகத் தரவே சாட்சி. 'அ' நாடு 'ஆ' நாட்டுக்கு ஏற்றுமதி செய்ததாகச் சொல்லும் தொகையும், 'ஆ' நாடு இறக்குமதி செய்ததாகச் சொல்லும் தொகையும் பொதுவாகப் பொருந்தாது. ஏற்றுமதியைப் பெரும்பாலும் எஃப்.ஓ.பி. விலையில், அதாவது கப்பலில் ஏற்றும் இடத்து விலையில் பதிவார்கள். இறக்குமதியை சி.ஐ.எஃப். விலையில், காப்பீடும் சரக்குக் கட்டணமும் சேர்த்துப் பதிவார்கள். சரக்கு நடுவில் மூன்றாவது துறைமுகத்தில் இறங்கி மறு ஏற்றுமதியானால் அனுப்பிய நாடும் மாறிப் பதிவாகும். டிசம்பரில் ஏறி ஜனவரியில் இறங்கினால் ஆண்டே மாறும். இது தெரியாமல் வரைபடம் போட்டால், பதிவு முறையின் வேறுபாட்டை வணிகத்தில் நடந்த மாற்றமாக எழுதிவிடுவீர்கள். இதே எச்சரிக்கை இடப்பெயர்வுக் கணக்குக்கும் பொருந்தும்: பிறந்த நாட்டை வைத்து எண்ணுவதும் குடியுரிமையை வைத்து எண்ணுவதும் வெவ்வேறு எண்களைத் தரும்.

ஒரு தாள் தேறுமா என்று பார்க்க அதன் வாராந்திரப் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரம் ஒரு நாடு என்று ஓடி, எல்லா வாரங்களுக்கும் பொதுவான கேள்வி எதுவும் இல்லையென்றால் வேண்டாம். கடிதம், ஒப்பந்தம், கப்பல் பதிவேடு போன்ற மூல ஆவணங்கள் வாசிப்பில் இருந்து, மதிப்பெண்ணில் கணிசமான பங்கு ஆய்வுக் கட்டுரைக்குப் போனால் தயங்காமல் எடுங்கள். தலைப்பில் 'உலக' என்ற சொல் இல்லாத தாள்களையும் பாருங்கள். நல்லவை பல அங்கே ஒளிந்திருக்கும்.

விதிமுறைச் சிக்கல்கள் பெரும்பாலும் மூன்று. ஒரே தாளை மேஜருக்கும் மைனருக்கும் சேர்த்துக் கணக்கில் காட்ட எத்தனை தாள் வரை அனுமதி என்பதை மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். மேல்நிலைத் தாள்களுக்கு முன்தேவைத் தாள் இருந்தால் ஆறு என்பது சத்தமில்லாமல் ஏழோ எட்டோ ஆகிவிடும். தொடக்கநிலை மொழி வகுப்புகளின் கிரெடிட் மைனரில் சேராத இடங்களும் உண்டு. ஆனாலும் உங்கள் வட்டாரத்தின் மொழியைக் கற்பது வீண்போகாது.

இறுதித் தாள் ஆண்டுக்கு ஒரு செமஸ்டரில் மட்டும் நடக்கிறதா என்பதை இப்போதே விசாரியுங்கள். அதற்கு முந்தைய செமஸ்டரிலேயே தலைப்பை வழிகாட்டியிடம் காட்டிவிட வேண்டும். 'உலகமயமாக்கலும் பண்பாடும்' என்று போய் நின்றால் திருப்பி அனுப்புவார். ஒரு பொருள், இரண்டு முனைகள், ஒரு காலம் என்று குறுக்குங்கள்: '1866 முதல் 1914 வரை சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் போன கட்டாபெர்ச்சா' என்பதுபோல. இரண்டு முனைகளிலும் நீங்கள் படிக்கக்கூடிய மொழியில் ஆவணம் கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டே தலைப்பைப் பதிவு செய்யுங்கள். ஒரு முனையில் கிடைக்காவிட்டால் காலத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ள அப்போது இன்னும் அவகாசம் இருக்கும்.