அவர் எடுத்த வாடகை வீட்டில் எனக்கு உரிமை உண்டா?

கேள்வி: சேலத்தில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு பார்க்கிறேன். வயது 31. ஐந்து ரோடு பக்கம் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கியிருக்கிறேன். நான் விரும்புகிறவர் அழகாபுரத்தில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறார். கீழே ஓனர் குடும்பம். வாடகை 12,000, அட்வான்ஸ் 80,000. கோட்டை மாரியம்மன் பண்டிகை முடிந்து ஆவணியில் நானும் அங்கேயே வந்துவிடலாம், வாடகையில் பாதியும் அட்வான்ஸில் 40,000-மும் கொடு என்கிறார். அக்ரிமெண்ட் அவர் பெயரில் மட்டும்தான். அவருடைய விவாகரத்து வழக்கு இன்னும் முடியவில்லை. நாளைக்கு ஏதாவது ஆனால் அந்த வீட்டில் எனக்கு உரிமை உண்டா?

பதில்: அக்ரிமெண்டைப் பற்றித்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த விவாகரத்து வழக்கு.

வயது வந்த இருவர் திருமணம் செய்யாமல் சேர்ந்து வாழ்வது குற்றமல்ல. குஷ்பு வழக்கில் 2010-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டது. அந்தப் பயம் வேண்டாம். ஆனால் குற்றமில்லை என்பதாலேயே உரிமை வந்துவிடாது.

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், திருமணம் போன்ற உறவில் வாழும் பெண்ணுக்கும் பாதுகாப்பு தருகிறது. வீடு வாடகை வீடாக இருந்தாலும், அக்ரிமெண்டில் தன் பெயரே இல்லாவிட்டாலும், தன்னை வெளியே அனுப்பக் கூடாது என்று அவள் உத்தரவு கேட்கலாம். எது அப்படிப்பட்ட உறவு? கோயம்புத்தூர் குடும்பநல நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன வேலுசாமி - பச்சையம்மாள் வழக்கில் இதற்கு விடை கிடைத்தது. இருவரும் திருமணம் செய்துகொள்ளச் சட்டப்படி தகுதி உள்ளவர்களாக இருக்க வேண்டும். ஊரறியக் கணவன் மனைவி போல, கணிசமான காலம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். விவாகரத்துத் தீர்ப்பு வரும்வரை நீங்கள் விரும்புகிறவர் இன்னொருவரின் கணவர்தான். அதனால் இந்தச் சட்டம் கைகொடுக்கும் என்று நம்பி இப்போது குடிபோகாதீர்கள்.

அவருடைய மனைவி முன்பு அந்த வீட்டில் அவரோடு வாழ்ந்திருந்தால், அங்கே குடியிருக்கும் உரிமையை இதே சட்டத்தில் அந்தப் பெண் கேட்கலாம். நீங்கள் அங்கே தங்குவது விவாகரத்து வழக்கில் அவருக்கு எதிரான ஆதாரமாகவும் வந்து நிற்கும். அவரிடம் இதை வெளிப்படையாகப் பேசுங்கள்.

சரி, வீட்டு விஷயம். 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாடகைக்கு இருப்பவர் தன்னோடு ஒருவரைத் தங்க வைத்தாலே அது உள்வாடகை ஆகிவிடாது. ஆனால் மாதாமாதம் நீங்கள் அவர் கணக்கில் 6,000 போட்டுக்கொண்டிருந்தால், ஓனர் அதை உள்வாடகை என்று வாதாட இடமிருக்கிறது. எழுத்து மூலமான சம்மதம் இல்லாத உள்வாடகை, காலி செய்யச் சொல்லப் போதுமான காரணம்.

அதனால் ஓனரிடம் மறைக்காதீர்கள். 'சொந்தக்காரப் பெண்' என்று சொல்லிக் குடியேறுவது பின்னால் உங்களுக்கே வினையாகும். அவர் முடியாது என்றால் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் வழியில்லை. சரி என்றால் இருவர் பெயரிலும் புது அக்ரிமெண்ட் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யுங்கள். மாடி போர்ஷனில் மோட்டார் சுவிட்ச் பெரும்பாலும் கீழே ஓனர் கையில்தான். சண்டை வந்தால் முதலில் நிற்பது தண்ணீர். தண்ணீரையோ கரண்ட்டையோ நிறுத்த அவருக்கு அதிகாரம் கிடையாது, வாடகை அதிகாரியிடம் மனு கொடுத்து இடைக்கால உத்தரவு வாங்கலாம். பெயர் அக்ரிமெண்டில் இருந்தால்தான் நீங்களே அந்த மனுவைத் தைரியமாகக் கொடுக்க முடியும். ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கூட்டாகக் கையெழுத்துப் போட்டபின் அவர் கட்டாமல் போனால், முழு வாடகையையும் ஓனர் உங்களிடம் கேட்கலாம்.

அட்வான்ஸ், அக்ரிமெண்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் திரும்பும். வேறு மாதிரி பேசி எழுதியிருந்தால் ஒழிய, மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது சட்டம். உங்கள் கணக்குக்கு அது 36,000. எவ்வளவு கொடுத்தாலும் வங்கி வழியாகக் கொடுங்கள். பாதி உங்கள் பணம் என்று அக்ரிமெண்டிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, பிரிந்தபின் பஞ்சாயத்துக்கு அலையும் பெண்கள் நிறையப் பேர்.

அவருக்கு விவாகரத்துத் தீர்ப்பு வந்து, மேல்முறையீட்டுக் காலமும் முடியட்டும். இந்து திருமணச் சட்டப்படி அது 90 நாள். அதுவரை ஹாஸ்டலைக் காலி செய்ய வேண்டாம், அந்த 40,000 உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும்.