பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டு வீட்டில் கிட் விமானம் செய்ய முடியுமா? எந்த கிட் வாங்கலாம்?

காரைக்குடிப் பக்கம் பூர்வீக வீடு சும்மா கிடக்கிறது, அதில் கிட் விமானம் (வால், இறக்கை என்று பகுதி பகுதியாகப் பெட்டியில் வாங்கி நாமே சேர்த்துக் கட்டுவது) செய்து ஓட்ட ஆசை, எந்த கிட் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். வயதும் தொழிலும் சொல்லவில்லை. நீங்களும் போன வருஷம் வரை நான் இருந்தது போல வெளியூரில் இருந்துகொண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பூட்டைத் திறப்பவர் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் ஏரோநாட்டிகல் படித்தவன் இல்லை. டெக்ஸாஸில் 20 வருஷம் எண்ணெய்க் குழாய்க் கம்பெனியில் வேலை பார்த்தவன். ஆனால் அமெரிக்க வான்ஸ் கம்பெனி விற்கும் ஆர்.வி. வரிசைக் கிட்டில் ஒன்றான ஆர்.வி.-9ஏ விமானத்தை ஏழு வருஷம் உட்கார்ந்து செய்து ஓட்டியும் இருக்கிறேன். படித்தவர்கள் திருத்தினால் கேட்டுக்கொள்கிறேன். படமும் வீடியோவும் பார்த்துவிட்டுத் திருத்த வருபவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டேன்.

எந்த கிட் என்பதைவிட, ரிவிட் (தகடுகளைச் சேர்க்கும் ஆணி) அடிக்கும்போது தகட்டுக்கு அந்தப் பக்கம் யார் நிற்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அது தெரிந்துவிட்டால் கிட் தானாகப் பாதி முடிவாகிவிடும்.

ஆர்.வி. வரிசையில் பெரும்பாலானவை அலுமினியத் தகட்டில் திட ரிவிட் அடித்துச் சேர்ப்பவை. ஒரு விமானத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ரிவிட். ஒருவர் வெளிப்பக்கம் காற்றில் ஓடும் ரிவிட் கன்னை வைத்து அடிக்க வேண்டும், இன்னொருவர் உள்பக்கம் பக்கிங் பார் என்ற இரும்புக் கட்டையை ரிவிட்டின் வாலில் வைத்துப் பிடிக்க வேண்டும். எட்டும் இடங்களில் ஒரே ஆள் செய்துவிடலாம். இறக்கையின் அடித்தகட்டில் தனி ஆளாகச் செய்வது ரொம்பக் கஷ்டம். வீட்டில் கூட நிற்க ஆள் இல்லை என்றால் ஆர்.வி.-12, அல்லது கிறிஸ் ஹைன்ஸ் வடிவமைத்த ஜெனித் 750 மாதிரி பாப் ரிவிட்டில் சேர்ப்பதை வாங்குங்கள். ஒரு பக்கம் நின்று இழுத்தால் போதும். வேகம் குறைவு, அழகு குறைவு என்பார்கள். பாதியில் நின்றுபோன வேகமான விமானத்தைவிட, முடிந்து பறக்கிற மெதுவான விமானம் மேல்.

என்னிடம் எல்லாரும் ஆர்.வி.-7 வாங்கச் சொன்னார்கள், அதில் குட்டிக்கரணம் போடலாம் என்று. எனக்குக் குட்டிக்கரணம் வேண்டாம். 9ஏ-இல் அதெல்லாம் கூடாது. ஆனால் இறக்கை நீளம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் இறக்கும் மடிப்பு) இறக்கினால் மணிக்கு 50 மைல் அளவுக்கு வேகம் குறைந்த பிறகுதான் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும். இறங்கும்போது மனசுக்கு நிம்மதி.

2014இல் ஆத்தா விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்தேன். அப்போது டெக்ஸாஸில் வால் பகுதியின் பெட்டி பிரிக்காமல் இருந்தது, எனக்கோ ரிவிட் அடிக்கவே தெரியாது. பயிற்சிக்கென்று விற்கிற தகடுகளையும் ரிவிட் கன்னையும் கட்டையையும் பெட்டியில் போட்டு எடுத்து வந்தேன். காற்றுக்குப் பஞ்சர் கடையிலிருந்து ஒரு சின்ன கம்ப்ரசரை வாடகைக்கு எடுத்து வளவில் (முற்றமும் அதைச் சுற்றிய கூடமும்) வைத்தேன். பிடிக்க ஆள் வேண்டும். வேலையாட்கள் இரண்டு பேர் பிடித்துப் பார்த்துவிட்டுக் கை கூசுகிறது என்று போய்விட்டார்கள். கடைசியில் ஆச்சிதான் வந்தார். ஆச்சி என்றால் எங்கள் பக்கம் அக்கா. அப்போது அவருக்கு 58 வயது.

முதல் நாள் அடித்ததெல்லாம் வீண். கன் வழுக்கித் தகட்டில் பிறை பிறையாகப் பள்ளம். ரிவிட்டின் வால் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. ஆச்சி கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, நீ சொல்லாம அடிக்கிற. நான் தயார்னு சொன்ன பெறகு அடி."

அதிலிருந்து அவர் "ம்" என்ற பிறகுதான் விசையைத் தொட்டேன். 1/8 அங்குல ரிவிட் என்றால் நசுங்கிய பிறகு வால் 3/16 அங்குல அகலமும் 1/16 அங்குலத் தடிப்பும் இருக்க வேண்டும். அதிகம் அடித்தாலும் தப்பு, குறைத்தாலும் தப்பு. நான் ஒவ்வொன்றுக்கும் அளவுகோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, நான் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஆச்சி "போதும்" என்றார். அளந்தேன், சரியாக இருந்தது. அடுத்ததும் சரி. எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். "மொதல்ல கட்டை கையில அமுங்குது. ரிவிட்டு உக்காந்தவொடனே கட்டை துள்ளுது" என்றார். டெக்ஸாஸில் என்னோடு பிடித்த நண்பர்கள் யாருக்கும் இந்தக் கை வரவில்லை.

வெயில் முற்றத்தில் நேராக இறங்கும். பதினொரு மணிக்கு மேல் தகட்டைத் தொட முடியாது. காலை ஆறிலிருந்து ஒன்பது, அப்புறம் சாயங்காலம். ஆத்தா உள்ளறையில் படுத்தபடியே சத்தத்தை எண்ணுவாராம். இன்றைக்கு நூறு ஆச்சா என்று கேட்பார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் வீடு ஏழு பங்கு. ரிவிட் சத்தம் கேட்டு ஒரு பங்காளி வந்தார், செட்டிய வீட்டு வளவில் பட்டறை போடுவதா என்று கேட்டார், அடுத்த வாரம் இரண்டாம் கட்டுக்கு வேறு பூட்டு போட்டார். பொதுக் கட்டு அது. பெரியவர் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து வந்து பார்த்தால் அந்தக் கட்டில் நின்ற பர்மாத் தேக்குத் தூண் நான்கும் இல்லை. சிமெண்டுத் தூண் நிற்கிறது. என் ஐயா காலத்தில் கப்பலில் வந்த மரம். பட்டறை போட்ட நான் ஒரு ஆணிகூட அடிக்கவில்லை, தரை ஓடு ஒன்றுகூட விரியவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் ஆறவில்லை. நீங்கள் கிட்டுக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால் உங்கள் பங்காளிகள் எல்லாரிடமும் எழுதி வாங்கிவிடுங்கள். இது விமானத்துக்குச் சம்பந்தமில்லாத பேச்சு என்று தோன்றினால் தள்ளிப் படியுங்கள்.

சரி, வீட்டு விஷயம். நம் வீடுகளில் முகப்பில் நின்றால் பின் வாசல் வரைக்கும் கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். 12, 13 அடி இறக்கையைத் திருப்பாமல் ஒரு தெருவில் ஏற்றி மறு தெருவில் இறக்கிவிடலாம். உடல் பகுதிதான் சிக்கல். உட்காரும் இடத்தில் உள்ளகலமே 43 அங்குலம். நிலையின் உள்ளளவை இன்றைக்கே அளந்து வையுங்கள். முற்றத்துக்கு வலை கட்டுங்கள். புறா எச்சம் அலுமினியத்தை அரிக்கும். எரிபொருள் தொட்டிக்குப் பூசும் சீலன்ட் இந்தச் சூட்டில் டப்பாவில் சொல்லியிருப்பதைவிட வேகமாக இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ப்ரைமர் அடிக்கணுமா வேண்டாமா என்று கட்டுபவர்கள் வருஷக்கணக்காகச் சண்டை போடுவார்கள். நான் உள்பக்கம் முழுக்க அடித்தேன். அரிமானத்தை ஆராயவே ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் தனி நிலையம் வைத்திருக்கிற சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம்) இருக்கும் ஊர்க்காரன் வேறென்ன செய்வேன்.

அந்த சிக்ரிக்கு 300 ஏக்கரும் 15 லட்சமும் கொடுத்த கோட்டையூர் அழகப்பச் செட்டியார், லண்டன் க்ராய்டனில் விமானம் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்தவர். பின்னால் ஜூபிடர் ஏர்வேஸ் என்று விமானக் கம்பெனியே நடத்தினார். செட்டியாருக்கு எதற்கு விமானம் என்று என்னைக் கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னேன்.

ஆனால் செய்வது வேறு, பறப்பது வேறு. அமெரிக்காவில் பெரும்பகுதியை, அதாவது 51 சதவீதத்தை, பொழுதுபோக்குக்கோ கற்றுக்கொள்வதற்கோ தாங்களே செய்ததாகக் காட்டினால் பரிசோதித்துச் சான்று தருகிறார்கள். சான்றிதழ் பெற்ற இன்ஜின்–ப்ரொப்பெல்லர் ஜோடி என்றால் வழக்கமாக 25 மணி நேரம், இல்லாவிட்டால் 40 மணி நேரம், பயணி இல்லாமல் சோதித்துப் பறக்க வேண்டும். இங்கே விமானங்களுக்கு அனுமதி தரும் அரசுத் துறையான டி.ஜி.சி.ஏ. வாசலில் நிற்க வேண்டும். மும்பையில் மொட்டை மாடியில் விமானம் கட்டிய கேப்டன் அமோல் யாதவுக்குப் பல வருஷம் அலைந்த பிறகு 2017இல்தான் பதிவு கிடைத்தது. ஆலப்புழைக்காரர் அசோக் தாமராக்ஷன் ஸ்லிங் என்ற கிட்டை லண்டன் பக்கம் செய்து 2022இல் பறந்தார். அவர் இருந்த நாட்டின் விதி அதற்கு இடம் கொடுத்தது. செட்டிநாட்டில் உலகப்போர்க் கால ஓடுதளம் இருந்தும் பயனில் இல்லை. திருச்சி, மதுரை இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆகவே அனுமதி பற்றி எழுத்தில் பதில் வரும் வரை வால் கிட்டுக்கு மேல் வாங்காதீர்கள். இன்ஜினுக்கு ஆகும் செலவு தனி, அதைக் கடைசியில் வாங்குங்கள்.

2017இல் ஆச்சி தன் மகளின் பிரசவத்துக்காக டல்லாஸ் வந்தார். சனி ஞாயிறில் என் கராஜுக்கு வந்து வலது இறக்கையின் அடித்தகடு முழுவதையும் அவர்தான் பிடித்தார். அதில் கையை முழங்கைக்கு மேல் உள்ளே விட்டுக் கண்ணால் பார்க்காமலே கட்டையை வைக்க வேண்டும். என் கை நுழையாத இடத்தில் அவர் வளையலைக் கழற்றி வைத்துவிட்டு நுழைத்தார். ஒரு இறக்கைப் பகுதியில் மூன்றே மூன்று ரிவிட்டைத்தான் துளைத்து எடுத்து மாற்றினோம்.

2021இல் விமானம் பறந்தது. அடுத்த வருஷம் ஆச்சியை ஏற்றிக்கொண்டு போனேன். பயணி இருக்கை வலது பக்கம். கீழே ஏரி, சாலை எல்லாம் காட்டினேன். அவர் பாதி நேரம் இறக்கையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தார்.

போன வருஷம் ஊரோடு வந்துவிட்டேன், விமானத்தை விற்றுவிட்டு. அதைப் பற்றி எழுத மனமில்லை. ரிவிட் கன்னும் கட்டையும் ஆச்சி வீட்டில் இருக்கின்றன. பயிற்சி செய்து பார்க்க வேண்டுமானால் செய்தி அனுப்புங்கள், வாங்கித் தருகிறேன். 2014இல் நாங்கள் அடித்த தகட்டை மட்டும் ஆச்சி தர மாட்டார். சாமி வீட்டில் வைத்திருக்கிறார்.