கார்டிசோல் அறிக்கையை எப்படிப் படிப்பது? – கேள்வி பதில்

நோயறி ஆய்வகமொன்றின் உயிர்வேதியியல் பிரிவில் பல ஆண்டுகளாக வேலை பார்த்து வருகிறேன், மருத்துவன் அல்லன். ஆகவே, சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனின் எண் எப்படிப் பிறக்கிறது, எங்கே தடம் மாறுகிறது என்பதை மட்டுமே இங்கே விளக்குகிறேன். சிகிச்சை பற்றிய முடிவு உங்கள் மருத்துவருடையது.

கேள்வி: அலுவலகம் முடிந்து மாலை ஐந்தரை மணிக்கு ரத்தம் கொடுத்தேன். கார்டிசோல் 4.8 என்றும், பக்கத்திலேயே ‘குறைவு’ என்றும் கொட்டை எழுத்தில் வந்திருக்கிறது. அட்ரீனல் சுரப்பி பழுதாகிவிட்டதா?

பதில்: இந்த எண்ணை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. கார்டிசோல் விடியற்காலையில் ஏறத் தொடங்கி, நாம் கண் விழிக்கும் நேரத்தையொட்டி உச்சத்தைத் தொட்டு, பகல் முழுவதும் இறங்கி, நள்ளிரவு வாக்கில் அடிமட்டத்துக்கு வந்துவிடும். காலை எட்டு மணிக்கு ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 5 முதல் 25 மைக்ரோகிராம் வரை இருக்கும். மாலையில் அது பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைந்திருப்பதே இயல்பு. உங்கள் அறிக்கையில் காலை நேர வரம்பு மட்டும் அச்சாகியிருக்கும் என்று நினைக்கிறேன். கணினிக்குக் காலை, மாலை தெரியாது. எண் வரம்புக்குக் கீழே போனால் எழுத்தைத் தடிமனாக்கிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும்போது, குழாயில் ஒட்டிய சீட்டில் பில் போட்ட நேரமே சில சமயம் ரத்தம் எடுத்த நேரமாகப் பதிவாகிவிடுவதுண்டு. ஊசி குத்திய நேரத்தை நீங்களே ஒரு தாளில் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுவது நல்லது.

கேள்வி: ஒரு ஆய்வகத்தில் 12, ஒரு வாரம் கழித்து இன்னொரு ஆய்வகத்தில் 331. இப்படியும் ஏறுமா?

பதில்: ஏறவில்லை. முதலாவது மைக்ரோகிராம் கணக்கு, இரண்டாவது நானோமோல் கணக்கு. 12-ஐ 27.6-ஆல் பெருக்கிப் பாருங்கள், 331 வரும். அளவைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு வயது 29. மாதவிலக்குச் சீராக வருவதற்காக ஆறு மாதமாகக் கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறேன். காலைக் கார்டிசோல் 34. கஷிங் சிண்ட்ரோமாக (கார்டிசோல் மிகுதியால் வரும் நோய்) இருக்குமோ என்று தூக்கமில்லை.

பதில்: ரத்தத்தில் உள்ள கார்டிசோலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் புரதங்களோடு ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கிறது, தனித்துத் திரியும் சிறு பங்கு மட்டுமே உடம்பில் வேலை செய்கிறது. வழக்கமான ரத்தப் பரிசோதனையோ இரண்டையும் சேர்த்தே அளக்கிறது. மாத்திரையிலுள்ள ஈஸ்ட்ரோஜென் கல்லீரலைத் தூண்டி, கார்டிசோலைச் சுமக்கும் புரதத்தை அதிகமாகச் செய்ய வைக்கிறது. பேருந்துகள் கூடியதால் பயணிகளும் கூடிவிட்டதுபோல் அறிக்கை காட்டும். ஊரில் இறங்கி நடமாடுகிறவர்களின் எண்ணிக்கை மாறியிருக்காது. கர்ப்பிணிகளுக்கும் மொத்த அளவு இப்படித்தான் உயரும், அவர்களுக்குத் தனித்த கார்டிசோலும் ஓரளவு கூடும் என்றாலும். கஷிங் பற்றி மருத்துவருக்கு உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், இந்தப் புரதத்தால் பாதிக்கப்படாத பரிசோதனைகளான இரவு நேர உமிழ்நீர்க் கார்டிசோலையோ, 24 மணி நேரச் சிறுநீரையோ கேட்பார். அல்லது மாத்திரையை ஆறு வாரம் நிறுத்தச் சொல்லி மறுபடி பார்ப்பார். நீங்களாக நிறுத்த வேண்டாம். முடி உதிர்கிறது என்று பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறவரானால் அதையும் சொல்லிவிடுங்கள். சில கருவிகளில் அது கார்டிசோலைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும்.

கேள்வி: என் தந்தையாருக்கு 62 வயது. மூட்டு வலிக்கு ஒருவர் கொடுத்த பொடியை ஒரு வருடமாகச் சாப்பிட்டு வந்தார். முகம் உப்பியிருக்கிறது, தோல் தொட்டாலே கன்றிப் போகிறது. மருத்துவர் ஸ்டீராய்டு என்று சந்தேகப்படுகிறார். ஆனால் கார்டிசோல் 1.2 தானே? கூடுதலாக அல்லவா இருக்க வேண்டும்?

பதில்: இந்த முரண்பாடுதான் மருத்துவரின் சந்தேகத்துக்கு வலுச் சேர்க்கிறது. இத்தகைய பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு கலந்திருந்த சம்பவங்கள் புதியவை அல்ல. அது கார்டிசோலின் வேலையைப் பல மடங்கு வீரியத்தோடு செய்யும், ஆனால் கார்டிசோலை அளக்கும் பரிசோதனையில் பெரும்பாலும் அகப்படாது. வெளியிலிருந்து வருவதைப் பார்த்த, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி, ‘இனி தேவையில்லை’ என்று, அட்ரீனலை ஏவும் ஹார்மோனான ஏசிடிஎச் சுரப்பதைக் குறைத்துவிடும்; ஏவல் வராத அட்ரீனல் சுரப்பி நாளடைவில் சுருங்கிப் படுத்துவிடும். ஆகவே உடம்பில் ஸ்டீராய்டு மிகுதியின் அடையாளமும், அறிக்கையில் கார்டிசோல் குறைவும் ஒரே நேரத்தில் தென்படுகின்றன. ஆஸ்துமா இன்ஹேலர், மூட்டுக்குள் போடும் ஊசி, முகம் வெளுக்கத் தடவும் சில களிம்புகள் ஆகியவையும், அளவும் காலமும் மிகுந்தால் இதையே செய்யக்கூடும். பொடியில் பிரெட்னிசோலோன் இருந்தால் கதை திரும்பிவிடும்: பல கருவிகள் அதையே கார்டிசோல் என்று எண்ணி அளவைக் கூட்டிக் காட்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கோபத்தில் பொடியைத் தூக்கி எறிந்துவிட்டு அன்றே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். படுத்துக் கிடக்கும் சுரப்பி உடனே எழுந்து வேலை செய்யாது. வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் சரிதல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படி ஏதேனும் தென்பட்டால் நேராக அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்று, ஸ்டீராய்டு சாப்பிட்டவர் என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். மிச்சமிருக்கும் பொடியையும் மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

கேள்வி: இரவு 11 மணிக்கு டெக்ஸாமெத்தசோன் சாப்பிட்டு மறுநாள் காலை எடுத்த கார்டிசோல் 2.6. இது இயல்பான வரம்பை விடக் குறைவுதானே?

பதில்: இந்தப் பரிசோதனைக்கு வழக்கமான வரம்பு பொருந்தாது. டெக்ஸாமெத்தசோன் கொடுத்தால் நலமான உடம்பு தன் கார்டிசோலைக் குறைத்துக்கொள்ளும், கஷிங் இருந்தால் அது அடங்காது. ஆகவே இங்கே 2.6 குறைவல்ல, கூடுதல். ஒரு மில்லிகிராம் மருந்துக்குப் பிறகு கார்டிசோல் 1.8-க்குக் கீழே அடங்க வேண்டும். முன்பு 5 என்று வைத்திருந்தார்கள். லேசான நோயும் தப்பிவிடக் கூடாது என்று இறக்கியதால், நோயில்லாத சிலரும் இப்போது வலையில் விழுகிறார்கள். எனவே முதலில் மாத்திரைப் பட்டையை எடுத்துப் பாருங்கள். நம் கடைகளில் பரவலாகக் கிடைப்பது அரை மில்லிகிராம் மாத்திரை. ‘ஒன்று’ என்று காதில் வாங்கிக்கொண்டு ஒன்றை மட்டும் விழுங்கியவர்கள் உண்டு, இரண்டு விழுங்கியிருக்க வேண்டும். வலிப்புக்குப் ஃபெனிட்டாயின், கார்பமஸெப்பின் அல்லது காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிடுபவர்களின் கல்லீரல் இந்த மருந்தை விரைவில் கரைத்துவிடும், கார்டிசோல் அடங்காமல் நிற்கும். இரவுப் பணியில் இருப்பவர்களுக்கும் உடம்பின் கடிகாரம் இடம் மாறியிருக்கும். பரிசோதனைக்கு முன்பே அதைச் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: வேலையில் கடும் மன அழுத்தம். காலைக் கார்டிசோல் 19. ‘அட்ரீனல் சோர்வு’ என்று சொல்லி ஒரு மாத்திரை டப்பா விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: 19 என்பது இயல்பான அளவு. அட்ரீனல் சோர்வு என்ற பெயரில் ஒரு நோயை நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஏற்பதில்லை. பணத்தைப் பையிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: எடை குறைகிறது, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. காலை எட்டு மணிக்கு 7.5. மருத்துவர் இன்னொரு பரிசோதனை சொல்கிறார். அவசியமா?

பதில்: அவசியம். காலையில் 3-க்குக் கீழே என்றால் கார்டிசோல் குறைபாடு என்பது ஏறக்குறைய உறுதி. 15-க்கு மேல் என்றால் அநேகமாக இல்லை. நீங்கள் நடுவில் நிற்கிறீர்கள். ஏசிடிஎச் ஊசியைப் போட்டு, சுரப்பி எவ்வளவு எழும்புகிறது என்று பார்ப்பதுதான் வழி. சினாக்தென் என்ற செயற்கை ஏசிடிஎச் ஊசியில் அரை மணி, ஒரு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். அது எளிதில் கிடைக்காத இடங்களில் நீண்ட நேரம் வேலை செய்யும் ஏசிடிஎச் ஊசியைப் பயன்படுத்துவார்கள், அதற்கு நேரக் கணக்கு வேறு. கூடவே ஏசிடிஎச் அளவும் கேட்டிருந்தால், அந்த ரத்தம் ஊதா மூடிக் குழாயில் எடுக்கப்பட்டு உடனே பனிக்கட்டியில் வைக்கப்பட வேண்டும்; சட்டைப் பையில் வைத்து எடுத்துப் போகிற மாதிரியிலிருந்து வரும் எண்ணை நான் நம்பமாட்டேன். அதனால் அந்தப் பரிசோதனைக்கு மட்டும் வீட்டுக்கு ஆள் வரவழைக்காமல் ஆய்வகத்துக்கே நேரில் போங்கள்.