சுருதி சேர்த்த பின் பாடுங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் பர்மாவின் மோல்மேனில் கடை வைத்திருந்து ஓய்வு பெற்றவன். வயது 62. சிறுவயது முதல் எங்கள் கோயில் வெள்ளிக்கிழமை பஜனையில் பாடியும் மிருதங்கம் வாசித்தும் வருகிறேன். குருவிடம் முறையாகப் படித்ததில்லை. கேட்டுக் கேட்டுக் கற்றதுதான். சென்ற திருவிழாவுக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்திருந்த வித்வான் ஒருவர், "பாட்டு ஒரு பக்கம் போகிறது, மிருதங்கம் ஒரு பக்கம் போகிறது" என்று சொல்லிச் சிரித்துவிட்டார். அன்றிலிருந்து மிருதங்கத்தை உறையை விட்டு எடுக்கவில்லை. பக்தி இருந்தால் போதும், சுருதியெல்லாம் கச்சேரிக்காரர்களுக்குத்தான் என்று நண்பர்கள் தேற்றுகிறார்கள். என் பாட்டைக் காணொளியாக எடுத்துப் போடலாம் என்கிறான் பேரன். இந்த வயதில் குரு தேடிப் படிக்கலாமா, இதோடு நிறுத்திக்கொள்ளலாமா?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் கோயில் பஜனைக்குப் புதிதாக ஒலிபெருக்கி வாங்கியிருக்கிறார்கள். சத்தம் கூடியிருக்கிறது, சுருதி கூடவில்லை. அதைச் சொன்னால், "சாமிக்குத் தெரியாதா நம் மனது" என்கிறார்கள்.

வயதைப் பற்றிக் கேட்டதை விட்டுவிடுங்கள். பாட வாய் இருக்கிறது, வாசிக்கக் கை இருக்கிறது. அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை. காணொளி உங்கள் பேரனின் ஆசை, அவன் விருப்பப்படி செய்யட்டும்.

அந்த வித்வான் சிரித்தது தவறு. ஒரு வாழ்நாள் முழுவதும் கூலி வாங்காமல், மாலை மரியாதை கேட்காமல், கோயில் மூலையில் உட்கார்ந்து வாசித்தவரைப் பார்த்துச் சிரிக்க எந்தக் கலைஞருக்கும் உரிமையில்லை. 1964-ஐ ஒட்டி நம்மவர்கள் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேறியபோது, ஊர்தோறும் இருந்த பாட்டு வாத்தியார்களும் போய்விட்டார்கள். அதன் பிறகு இந்த மண்ணில் தேவாரமும் காவடிப் பாட்டும் வாய்மாறாமல் இருப்பது உங்களைப் போன்றவர்களால்தான். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பிள்ளைகள்கூடப் பஜனையில் தமிழை வாயில் ஏற்றிக்கொண்டார்கள். இதை நான் உபசாரத்துக்காகச் சொல்லவில்லை.

ஆனால் ஐயா, அவர் சிரித்தது தவறென்றால், சொன்னதும் தவறா? அதை நீங்கள் ஒரு முறையாவது யோசித்தீர்களா? மனம் புண்பட்டது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறீர்கள்; நான் இங்கே சுருக்கித்தான் தந்திருக்கிறேன். அந்த மிருதங்கத்துக்கு மூட்டு, அதாவது தோல் முகம், மாற்றி எத்தனை காலமாயிற்று என்று ஒரு வரி எழுதவில்லை. மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை உங்கள் ஊரில் கொட்டும் மழையில் தோல் ஈரம் குடித்துத் தளர்ந்து சுருதி இறங்கிவிடும். அதைத் தட்டி ஏற்றாமல் அப்படியே மடியில் வைத்து வாசித்தால் பாட்டு ஒரு பக்கமும் மிருதங்கம் ஒரு பக்கமும் போகாமல் வேறென்ன செய்யும்? வித்வானின் சிரிப்பைவிட உங்கள் நண்பர்களின் ஆறுதல்தான் எனக்குக் கோபமூட்டுகிறது. பக்தி இருப்பவன் பூவைக் கழுவாமல் சாத்துவானா?

பெகு பக்கம் நான் வளர்ந்த சிற்றூரில் நெல் ஆலைக் கணக்குப்பிள்ளை ஒருவர் இருந்தார். பஜனைக்கு மிருதங்கம் அவர்தான். அவரும் கேள்வி ஞானம்தான். பெரிய தாளக் கணக்குகள் எதுவும் அவர் கையில் வராது. ஆனால் மற்றவர்கள் வருவதற்கு வெகுமுன்பே வந்துவிடுவார். ரவையைத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து, தொப்பி என்னும் இடது முகத்தின் நடுவில் வட்டமாக அப்பி, கட்டைவிரலால் ஓரத்தைச் சீவிச் சீவி, ஒவ்வொரு சீவலுக்கும் ஒரு தட்டு தட்டிக் கேட்பார். பிறகு வலந்தலை என்னும் வலது முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு சிறு கட்டையை விளிம்புப் பின்னலில் நிறுத்திக் கல்லால் மெல்லத் தட்டியபடி சுற்றி வருவார். ஓரிடத்தில் ஏறியிருந்தால் கீழிருந்து மேலாக ஒரு தட்டு, இறங்கியிருந்தால் மேலிருந்து கீழாக ஒரு தட்டு. வட்டம் முழுவதும் ஒரே சுரம் பேசும்வரை யார் கூப்பிட்டாலும் நிமிர மாட்டார். பூசாரி அவசரப்படுத்துவார். "சாமி காத்திருக்கும், பாட்டு காத்திருக்காது" என்பார் கணக்குப்பிள்ளை.

பகோடாத் திருவிழா ஒன்றில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு ப்வே என்னும் பர்மியக் கூத்து மேடையின் பின்புறம் அழைத்துப்போனது நன்றாக நினைவிருக்கிறது. வட்டமான மரச்சட்டத்துக்குள் பட்வைங் என்னும் முரசு வட்டத்தை வாசிப்பவர் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிப் பெரிதும் சிறிதுமாக 21 முரசுகள் தொங்கின. சோற்றையும் மரச்சாம்பலையும் சேர்த்துப் பிசைந்த பசையை ஒவ்வொரு தோலிலும் ஒட்டுவதும் கிள்ளி எடுப்பதுமாக, அவர் ஒவ்வொரு முரசையும் அதனதன் சுரத்துக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தார். நம் கணக்குப்பிள்ளை அதை மூச்சடக்கிப் பார்த்துவிட்டு, "இவரும் நம்மவர்தான்" என்றார். ஆட்டம் தொடங்கும் முன்பே வீட்டுக்குக் கிளம்பிவிட்டோம். அவர் பார்க்க வந்தது அதை மட்டும்தான்.

இசையின் மீது ஆசை என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன். மேடையேறுபவனுக்குப் பணமும் பெயரும் கிடைக்கின்றன. அவன் சுருதி சேர்ப்பதற்கு ஆயிரம் காரணம் உண்டு. எதுவும் கிடைக்காது என்று தெரிந்தும் சேர்ப்பவனுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும். அதனால்தான் "நான் முறையாகப் படிக்காதவன்" என்று சொல்லிக்கொண்டு சுருதியைக் கைவிடுகிறவர்களை என்னால் ஏற்கவே முடியவில்லை. படிக்காதவர்களுக்கு ராகத்தின் இலக்கணம் கைகூடாமல் போகலாம், கோர்வை தப்பலாம். அதற்கெல்லாம் மன்னிப்பு உண்டு. காது கொடுத்துக் கேட்பதற்கு எந்தப் படிப்பும் தேவையில்லை.

திருநீலகண்ட யாழ்ப்பாணர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தருமபுரத்தில் ஞானசம்பந்தர் பாடிய பதிகம் யாழில் அடங்காமல் போகவே, பாணர் மனமுடைந்து யாழை முறிக்க ஓங்கினார். சம்பந்தர் தடுத்து அதை வாங்கிக்கொண்டு, வந்தவரை வாசித்தால் போதும் என்று தேற்றித் திரும்பக் கொடுத்தார். அந்த யாழ் எப்படி இருந்திருக்கும் என்று தமிழ்நாட்டில் இருப்பவர்கள் சிற்பத்தையும் பாட்டையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது. நமக்கோ பர்மியரின் யாழான சௌங் கண்முன் இருக்கிறது: தோணி போன்ற உடல், மான்தோல் போர்வை, கோடு என்னும் வளைந்த கழுத்து, 16 நரம்புகள், ஒவ்வொரு நரம்பையும் கோட்டோடு இறுக்கும் சிவப்பு நூற்கயிறு. அந்தக் கயிறுகளைத் திருகித் திருகிச் சுருதி கூட்டுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பாணரின் நினைவுதான் வரும். வந்தவரை வாசியுங்கள் என்று சம்பந்தர் சொன்னது சுருதி சேர்த்த யாழைக் கையில் வைத்திருந்தவரிடம் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்த ஆறுதல் உங்களுக்கும் உரியதே, ஆனால் அந்த வரிசையில்தான்.

குரு கிடைத்தால் படியுங்கள், கிடைக்காவிட்டால் பரவாயில்லை. மிருதங்கத்தை உறையிலிருந்து எடுங்கள். தோல் கிழிந்திருந்தால் ரங்கூனுக்கு அனுப்பி மூட்டு மாற்ற வழி பாருங்கள். தளர்ச்சி மட்டும்தான் என்றால் உங்கள் கையாலேயே தட்டி ஏற்றலாம். வரும் வெள்ளிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் கோயிலுக்குப் போங்கள். காணொளி எடுக்க ஆசைப்படும் பேரனையும் கூட அழைத்துப்போய், முதலில் ரவை பிசையச் சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்.