எச்.டி.ஆர். படங்கள் ஏன் கண்ணால் பார்த்தது போல் இருப்பதில்லை?

சன்னலுக்கு வெளியே இருப்பதும் அறைக்குள் இருப்பதும் கண்ணுக்கு ஒருசேரத் தெரிகையில், வெவ்வேறு வெளிச்ச அளவுகளில் எடுத்த பல படங்களை ஒன்றாக இணைக்கும் எச்.டி.ஆர். முறையில் எடுத்த படம் மட்டும் ஏன் பொய்யாகத் தோன்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சிக்கல் அந்த ‘ஒருசேர’ என்ற சொல்லில்தான் இருக்கிறது.

உச்சி வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கும். வீட்டுக்குள் 100 லக்ஸ் இருந்தாலே தாராளம். கண்ணின் பாவை 2 மி.மீ. அளவிலிருந்து 8 மி.மீ. வரை விரிந்தாலும் உள்ளே வரும் ஒளி 16 மடங்குதான் கூடும். எஞ்சிய வேலையை விழித்திரையும் மூளையும் செய்கின்றன. பார்வை சன்னலுக்குப் போகும்போது ஒரு நிலைக்கும் இருண்ட மூலைக்குத் திரும்பும்போது இன்னொரு நிலைக்கும் கண் தன்னை மாற்றிக்கொள்கிறது. மூளை இவற்றைக் கோத்து ஒரே காட்சியாக நமக்குத் தருகிறது. அச்சுத் தாளிலோ, வெண்மைக்கும் கருமைக்கும் இடையே சுமார் 100 மடங்கு வேறுபாடுதான் கிடைக்கும். ஆகவே வெளிச்ச வேறுபாட்டை எங்கேயாவது அமுக்கித்தான் ஆக வேண்டும்.

இது பழைய தொல்லை. 1850களில் படமெடுக்கப் பயன்பட்ட, கொலோடியன் என்ற ரசாயனம் பூசிய கண்ணாடித் தகடுகள் நீல ஒளியை மிகையாக வாங்கியதால், கடல் தெளிவாக விழுந்தால் வானம் வெளுத்துப் போகும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கூஸ்தாவ் லெ கிரே வானுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரண்டு நெகட்டிவ்களைத் தொடுவானத்தில் இணைத்து அச்சிட்டார். ஒரே மேகங்களை வெவ்வேறு கடல்களின் மேல் அவர் வைத்ததும் உண்டு! ஆனாலும் கண்ணை உறுத்துவதில்லை, ஏனெனில் இணைப்பு விழுந்த இடம் இயல்பாகவே வெளிச்சம் மாறும் கோடு.

எங்கள் சமையலறைச் சன்னலை நான் மூன்று எக்ஸ்போஷர்களில் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவை மாற்றி மாற்றி) எடுத்து இணைத்தபோது, வெளியே நின்ற வேப்பமரத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு படர்ந்திருந்தது. காற்றில் அசைந்த இலைகள் இரட்டையாக விழுந்திருந்தன. ஒவ்வொரு புள்ளியையும் அதன் அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு மென்பொருள் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பதால், கருங்கிளையையொட்டிய வானம் மட்டும் தேவைக்கு மேல் வெளுத்துவிடுகிறது. பிரெஞ்சு ஓவியர் ஜார்ஜ் சூரா 1884இல் அஸ்னியேர் ஆற்றங்கரையில் நீராடுவோரைத் தீட்டியபோது, உடலின் வெயில் பக்கத்தையொட்டிய நீரை இருட்டியும் நிழல் பக்கத்தையொட்டியதை வெளுத்தும் இதே உத்தியை அறிந்தே கையாண்டார். எவ்வளவு, எங்கே என்பதை அவர் கண் முடிவு செய்தது, என் படத்தில் மென்பொருளின் இயல்பு அமைப்பு முடிவு செய்தது.

பிறகு, அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்த ‘உள்ளூர் கான்ட்ராஸ்ட்’ அளவைப் பாதிக்கு மேல் குறைத்து, இலைகளுக்கு ஒரே எக்ஸ்போஷரை மட்டும் எடுத்துக்கொண்டேன். வானம் சற்று வெளுத்திருக்கிறது, பாத்திர அலமாரியின் கீழ்த்தட்டு இருட்டாகவே கிடக்கிறது. வீட்டில் பார்த்தவர்கள் ‘நம்ம சமையலறைதான்’ என்றார்கள்.